சத்தமில்லாத வண்டு

மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில், மைத்துனன் வீட்டுப் பின்வளவில், பெரியபிள்ளையான மகளின் சாமத்திய வீடு நடந்துகொண்டிருந்தபோது, பேரின்பநாதன் ஒரு ட்ரோனைப் பனி தள்ளும் சவலால் அடித்துக் கொன்றான். கொன்றான் என்றுதான் சொல்ல வேண்டும். உடைத்தான் என்று சொன்னால் அந்த அடிகளுக்கு மரியாதையில்லை.

யூன் மாதத்து வெயில். ஆலாத்தித் தட்டு ஏந்திய பெண்கள் புல்லில் வரிசையாக நின்றார்கள். நடுவில் ஆர்த்திகா, கழுத்து வளையும் அளவுக்கு நகையோடு. படம்பிடிக்க வந்த இரவிச்சந்திரன், "மேலையிருந்து ஒண்டு எடுப்பம் அண்ணை, சபை முழுக்க விழும்" என்று காலையிலேயே சொல்லியிருந்தான். பேரின்பநாதன் அப்போது சோற்றுச் சட்டிகளோடு மாரடித்துக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை. கூரைக்கு மேலால் அது இரைந்துகொண்டு வந்தது. பெண்கள் அண்ணாந்து சிரித்தார்கள். பிள்ளைகள் கை காட்டினார்கள்.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!" என்று பேரின்பநாதன் கத்தினான்.

ஒரேயொரு ஆள்தான் படுத்தாள். அவன் மனைவி சிவநேசம், பட்டுச்சேலையோடும் கொண்டைப் பூவோடும் புல்லில் குப்புற விழுந்து, இரண்டு கைகளாலும் பின்தலையை மூடிக்கொண்டாள். மற்றவர்கள் நின்று பார்த்தார்கள். இரவிச்சந்திரன் பதறிப்போய் ட்ரோனை அவசரமாகக் கீழே இறக்கினான். அதுதான் பிழையாகப் போய்விட்டது. கராஜ் சுவரில் சாத்தியிருந்த சவலைத் தூக்கிக்கொண்டு பேரின்பநாதன் வந்தான். முதல் அடியிலேயே அது விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு விழுந்த அடிகள்தான் ஆட்களைப் பயப்படுத்தின. இறக்கைத் துண்டொன்று பலகாரத் தட்டில் போய் விழுந்தது. இன்னொன்று அவன் புறங்கையைக் கிழித்தது. வேட்டியெல்லாம் இரத்தம். அப்போதும் நிறுத்தவில்லை.

"அரெத், அப்பா! அரெத்!" என்று ஆர்த்திகா கத்தினாள். நிறுத்தச் சொல்வதற்கும் அவளுக்குப் பிரெஞ்சுதான் வரும். கண்மை கன்னம் வழியே ஓடியது.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றார் வந்தவர்களில் ஒரு பெரியவர். இன்னொருவர் சிரிப்பை அடக்க முடியாமல், "பகிடி என்னெண்டால், ஆள் வேலை செய்யிறதே ட்ரோன் கொம்பனியிலை!" என்றார்.

அது உண்மைதான்.

புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்கிப் பேரின்பநாதனின் முதுகு போயிருந்தது. அதே கட்டிடத்தின் மேல் மாடியில் குணசீலனின் கொம்பனி. குணசீலன் சென்னைக்காரர், பொறியியலாளர், ஒரு தலைமுறைக்கு முன்பே மொன்றியலுக்கு வந்தவர். மின்தூக்கியில் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்ற பேரின்பநாதனிடம் ஒருநாள், "உட்கார்ந்து பாக்குற வேலை ஒண்ணு இருக்கு. கண்ணு நல்லா இருந்தா போதும். வர்றீங்களா?" என்று கேட்டார்.

சுறாவே வராத ஊரில் குந்தியிருந்து சுறா பார்க்கும் வேலை. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், ஒரு சின்ன ஊரின் குளிக்கும் கடலுக்கு மேலே ட்ரோன் பறக்கும். அங்கே அதைப் பறக்கவிடுகிறவன் பெயர் அல்பேட். இங்கே மாலையாகும்போது அங்கே மறுநாள் காலை. தண்ணீரில் நிழலொன்று அசைந்தால் இயந்திரம் அதைச் சுற்றி மஞ்சள் கட்டம் போடும். அது சுறாவா, திருக்கையா, வெறும் பாசியா என்று ஒரு மனிதக் கண்தான் சொல்ல வேண்டும். சுறா என்றால் சிவப்புப் பொத்தானை அமத்த வேண்டும். ட்ரோனிலிருந்து சங்கு ஊதும், வெளியே வரச் சொல்லி ஒரு குரல் கத்தும், குளிப்பவர்கள் கரைக்கு ஓடுவார்கள்.

முன்பு அங்கே வலை போட்டிருந்தார்கள். வலை என்றால் கடலை வேலி போல அடைத்து நிற்கும் என்றுதான் பேரின்பநாதன் நினைத்திருந்தான். குணசீலன் முதல் நாளே படம் போட்டுக் காட்டினார். கரைக்குத் தள்ளி, நடுக்கடலில் தொங்கும் ஒரு துண்டுச் சீலை போலத்தான் அது இருந்தது. மேலாலும் கீழாலும் பக்கத்தாலும் சுறா வரலாம், போகலாம். உள்ளே வந்து குளிப்பவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, திரும்பிப் போகும்போது மாட்டிச் செத்த சுறாக்கள் எத்தனையோ. அதைவிட, ஒரு பாவமும் அறியாத ஆமை, டொல்பின், திருக்கை. "இது தடுக்கிற சாமான் இல்ல பேரின்பம், கொல்ற சாமான்" என்றார் குணசீலன்.

அந்த ஊர் இந்தப் பருவத்துக்கு வலையைத் தூக்கிவிட்டு ட்ரோனை நம்பிப் பார்க்கிறது. கண் தவறினால் வலை திரும்பவும் இறங்கும். பேரின்பநாதனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பிடித்ததற்குக் காரணம் ஒன்றுதான். திரையில் சத்தம் வராது. கடலும் சத்தமில்லை, ட்ரோனும் சத்தமில்லை. அந்த இரைச்சல் கேட்டிருந்தால் முதல் நாளே மேசையைப் புரட்டிவிட்டு வந்திருப்பான்.

வன்னியில் அதற்கு வண்டு என்று பெயர். வேவு பார்க்க வந்து தலைக்கு மேலே ரீங்காரமிட்டுக்கொண்டு சுற்றும். அது பார்த்துவிட்டுப் போன இடத்தில் இராணுவத்தின் செல் விழுந்து வெடிக்கும். போரின் கடைசி மாதங்களில், மாத்தளன் கரை மணலில், கஞ்சிக்கு ஒரு வரிசை நின்றது. பேரின்பநாதன் நின்றான், அவனைக் கலியாணம் முடித்துச் சில மாதமேயான சிவநேசம் நின்றாள், அவன் தம்பி மதுஷன் நின்றான். வண்டு வந்து சுற்றியது. யாரோ ஒருவர், "ஓடுங்கோ! பங்கருக்குள்ளை ஓடுங்கோ!" என்று கத்தினார். நல்ல மனிதர். உயிரைக் காக்கத்தான் கத்தினார். வரிசை கலைந்து ஒரே பங்கரை நோக்கி ஓடியது. மதுஷன் வேகக்காரன், முன்னுக்குப் போய்விட்டான். பேரின்பநாதனுக்குக் கால் தடக்கியது. விழுந்த இடத்திலேயே கிடந்தான். சிவநேசம் அவன்மேல் இடறி விழுந்தாள்.

ஓடிய கூட்டத்தின் நடுவே செல் விழுந்தது. மணல் எழும்பி அடங்கியபோது, ஒரு பெண் தன் கையைத் தானே பொறுக்கிக்கொண்டு நடந்து வந்தாள். மதுஷனின் சட்டையைக் கண்டுபிடித்தார்கள். சட்டைக்குள் இருந்ததை யூரியாச் சாக்கொன்றில் அள்ளினார்கள். கஞ்சிக் கிடாரம் கவிழாமல் நின்றது. உள்ளே கஞ்சி சிவந்திருந்தது. முதலில் ஒருவரும் தொடவில்லை. பின்னேரம் குடித்தார்கள்.

ஓடினவன் செத்தான், கிடந்தவன் பிழைத்தான். அன்றைக்குப் படித்த அந்தப் பாடம் பேரின்பநாதனின் எலும்புக்குள் இறங்கிவிட்டது. அது மொன்றியலுக்கும் கூட வந்தது.

ஒக்டோபர் தொடக்கத்தில், வெளியே மரங்கள் சிவந்துகொண்டிருந்த ஒரு மாலையில், மஞ்சள் கட்டத்துக்குள் ஒரு வெள்ளைச் சுறா வந்தது. சந்தேகமே இல்லை. நீளமும் பருமனும் வாலை ஆட்டிய விதமும் தெளிவாகத் தெரிந்தன. அதற்குக் கொஞ்சம் தள்ளி மூன்று பேர் அலைப்பலகைகளில் குந்தியிருந்தார்கள், கால்களைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டபடி. கத்தரின் என்ற இளம்பெண் ஓரத்தில் இருந்தாள். அவள் பெயர் அவனுக்குப் பிறகுதான் தெரியும்.

விரல் பொத்தானுக்கு மேலே போய்விட்டது. அமத்தவில்லை.

மூன்று பேரும் அசையாமல் இருக்கிறார்கள். சங்கு ஊதினால் ஓடுவார்கள். ஒன்றாக ஓடுவார்கள். அந்த நினைப்பு மட்டுந்தான் அவனுக்குள் இருந்தது. சுறா ஒரு வட்டமடித்து விலகியது. "அப்பிடியே இருங்கோ. அசையாதையுங்கோ. போயிடும்" என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தான்.

பக்கத்து மேசை மெலனி திரும்பிப் பார்த்தாள். "பெஸ்! பெஸ்!" என்று கத்தினாள். அமத்து என்பதற்கு இங்கத்தைய பிரெஞ்சு. அவன் விரல் அப்படியே நின்றது. சுறா திரும்பியது. பலகை செங்குத்தாக நிமிர்ந்தது. கத்தரின் தண்ணீருக்குள் போனாள், வந்தாள், அவள் வாய் முழுதாகத் திறந்திருந்தது, ஒரு சத்தமும் இல்லை. சுறா தலையை இடமும் வலமும் உதறியது, நாய் சாக்கைக் கவ்வி உதறுவதுபோல. பச்சைத் தண்ணீரில் சிவப்பு பரவி அகன்றது. மெலனி பாய்ந்து வந்து அவன் கைக்கு மேலேயே ஓங்கிக் குத்தினாள். அப்போதுதான் சங்கு ஊதியது.

கத்தரின் பிழைத்தாள். முழங்காலுக்குக் கீழே இடது கால் இல்லை.

குணசீலன் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். "நீங்க பாத்தீங்களா, இல்லையா?"

"பார்த்தனான் சேர்."

"சுறான்னு தெரிஞ்சுதா?"

"ஓம். வடிவாத் தெரிஞ்சது."

"அப்புறம் ஏன் அழுத்தல?"

பேரின்பநாதன் நிலத்தைப் பார்த்தான். "ஓடுவினம் எண்டு பயந்திட்டன் சேர்."

"ஓடணும்னுதானேய்யா பட்டனே வச்சிருக்கு!" குணசீலன் கத்தியது வெளியே மெலனிக்கும் கேட்டது. பிறகு அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆளைத் துரத்தவில்லை. பொத்தானை மெலனியின் மேசைக்கு மாற்றினார். "வலை திரும்ப இறங்குது. நீங்க அதை மட்டும் பாருங்க. என்ன மாட்டுதுன்னு சொல்லுங்க, போதும். ஆனா ஒண்ணு. இன்னொரு தடவை நம்ம கண்ணுக்கு முன்னாடி ஒருத்தருக்கு ஏதாவது ஆச்சுன்னா, அந்த ஊர்ல வலை நிரந்தரம். அதுக்கப்புறம் எவனும் எடுக்க மாட்டான்."

வலை மறுவாரமே இறங்கியது. படகிலிருந்து கறுப்பாக அவிழ்ந்து அவிழ்ந்து இறங்கியதை அவன் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மாலையே முதல் ஆமை மாட்டியது. மூச்சுக்கு மேலே வரத் துடித்துத் துடித்து, வலையை இன்னும் இறுக்கிக்கொண்டது. இரண்டு கண்ணிகள் கழுத்தை அறுத்துக்கொண்டு உள்ளே போயின. பிறகு டொல்பின் ஒன்று. அதன் கூட்டம் வலைக்கு வெளியே நின்று, மூக்கால் அதை மேலே தள்ளிப் பார்த்தது. அது செத்த பிறகும் தள்ளியது. திருக்கைகள் கந்தல் போலத் தொங்கின. ஒவ்வொன்றையும் பேரின்பநாதன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. ஆமை, செத்துப்போச்சு. டொல்பின், செத்துப்போச்சு. தன் விரல் ஒரு கணம் பிந்தியதற்கு இத்தனை உயிர் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. சம்பளத்துக்கு உட்கார்ந்து தன் பாவத்தைத் தானே பார்க்கிற வேலை வேறு யாருக்கு வாய்க்கும்?

வீட்டில் ஆர்த்திகா அவனோடு கதைப்பதில்லை. அறைக் கதவைப் படாரென்று சாத்துவாள். ஒருநாள் அவனும் அந்தக் கதவில் குத்தினான். பலகை பிளந்தது. சிவநேசம் அவன் கையைப் பிடித்துக் குழாய்த் தண்ணீரில் வைத்தாள். அன்றைக்குத்தான் வேலையில் நடந்ததையெல்லாம் அவளுக்குச் சொன்னான். பெருவிரல் எப்படிப் பொத்தானுக்கு மேலே நின்றது என்று காட்டியும் காட்டினான்.

சிவநேசம் குழாயைப் பூட்டினாள். பிறகு, "இஞ்சருங்கோ, உங்களுக்கு இன்னும் விளங்கேல்லையே?" என்றாள். "நீங்கள் இப்ப கீழை இல்லை. வண்டுக்குள்ளை இருக்கிறியள்."

"என்ன விசர்க்கதை?"

"விசர்க்கதை இல்லை. மேலையிருந்து பார்க்கிறது நீங்கள்தான். செல் அடிக்கிறதெண்டால் நீங்கள்தான் அடிக்க வேணும். நீங்கள் அடிப்பியளோ?"

கையை உதறிக்கொண்டு போய்விட்டான். ஆத்திரம் தாங்க முடியவில்லை. அவள் சொன்னது சரியென்று பட்டதனால் வந்த ஆத்திரம் அது. வண்டுக்குள் இருந்தவனை நினைத்து அவன் எத்தனை வருடம் பல்லைக் கடித்திருக்கிறான். கையில் கிடைத்தால் கழுத்தை என்ன செய்வதென்றுகூட யோசித்து வைத்திருக்கிறான். அந்தக் கதிரையில் இப்போது தானா?

நவம்பரில் முதல் பனி தூறிய மாலை. அங்கே வெயில் எறிக்கும் காலை, கரை நிறையச் சனம். வலையில் திமிங்கிலக் குட்டியொன்று மாட்டிக்கொண்டது. தாய் வெளியே நின்று வாலால் கடலை அறைந்தது. ஒவ்வொரு அறைக்கும் வலை இழுபட்டது, குட்டியின் தோல் பட்டை பட்டையாக உரிந்தது. வெட்டிவிடும் படகு வருகிறது என்று அல்பேட் அங்கிருந்து காதுக்கருவிக்குள் சொன்னான். படகு வருவதற்குள் இரத்தம் நெடுந்தூரம் போய்விட்டது.

முதலில் ஒரு நிழல். பிறகு இன்னொன்று. குட்டியின் வயிற்றில் முதல் கடி விழுந்தபோது தாய் தலைகீழாகப் புரண்டு சுறாவை வாலால் அடித்தது. சுறா வானத்தில் எழும்பி விழுந்தது. அது மறுபடியும் வந்தது. குட்டி உயிரோடுதான் இருந்தது. உயிரோடிருக்கவே அதைப் பிய்த்தன, நான்கைந்து சுறாக்கள். வெண்கொழுப்பு துண்டு துண்டாக மிதந்தது. பேரின்பநாதன் தான் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டே இருந்தான். குரல் உடைந்துபோயிருந்தது.

அப்போதுதான் கரைப்பக்கத்தைப் பார்த்தான். இடுப்பளவு தண்ணீரிலும் கழுத்தளவு தண்ணீரிலும் சனம் அப்படியே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. சில பேர் குட்டிக்கு உதவப்போவதாக நினைத்துக்கொண்டு வலையை நோக்கி நீந்தவே தொடங்கியிருந்தார்கள். பிள்ளைகள் தகப்பன்மாரின் தோளில். கூட்டத்திலிருந்து பிரிந்த ஒரு சுறா, தாயிடம் அடிவாங்கி ஒருபக்கம் கிழிந்த சுறா, வலையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது. மஞ்சள் கட்டம் அதனோடு கரையை நோக்கி நகர்ந்தது.

மெலனி இல்லை. கீழே டெப்பனூர் கடைக்குக் கோப்பி வாங்கப் போயிருந்தாள். அவளுடைய மேசையில் பொத்தான் சிவப்பாக இருந்தது. அதைத் தொடக்கூடாது என்பது உத்தரவு.

எழும்பினான். கால் இரண்டும் மணலுக்குள் புதைந்ததுபோல இழுபட்டன. பொத்தானுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டான். ஓடுவார்கள். எல்லோரும் ஓடுவார்கள். மதுஷன் முன்னுக்கு ஓடுவான். சுறா முதல் நீச்சல்காரனை நெருங்கியது.

"ஓடுங்கோ!" என்று பேரின்பநாதன் கத்தினான். யாருமில்லாத அந்த மாடியில், தன் பலமெல்லாம் கூட்டி, அன்று கத்திய அந்த நல்ல மனிதனின் அதே குரலில் கத்தினான். "ஓடுங்கோ! ஓடுங்கோ!" இரண்டு கைகளாலும் பொத்தானை அமத்தினான்.

சனம் திரும்பியது. ஓடியது. விழுந்தது, எழும்பியது, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடியது. நீந்தியவர்கள் தண்ணீரை அடித்துக்கொண்டு திரும்பினார்கள். கடைசி ஆளின் குதிகாலுக்குப் பின்னால் சுறா வாயைத் திறந்து மூடிவிட்டு விலகியது. எல்லோரும் உயிர்காப்பாளர் கூடாரத்துக்குப் பக்கத்தில், மணலில், ஒரே குவியலாகக் குவிந்தார்கள். மேலிருந்து பார்க்க அந்தக் குவியல் எப்படி இருந்தது என்று அவனுக்கு மட்டுந்தான் தெரியும்.

கோப்பிக் கோப்பைகளோடு வந்த மெலனி, அவன் மேசைக்குக் கீழே கிடப்பதைக் கண்டாள். குப்புறக் கிடந்தான். இரண்டு கைகளாலும் பின்தலையை மூடியிருந்தான். உடம்பு முழுக்க உதறிக்கொண்டிருந்தது. அவள் கோப்பைகளை வைத்துவிட்டுப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள்.

"செல் விழுந்திட்டுதோ?" என்று தமிழிலேயே கேட்டான். பிறகு தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டான், யாராவது செத்தார்களா என்று.

மெலனி எழும்பித் திரையைப் பார்த்தாள். ஒருவரும் இல்லை, எல்லோரும் நிற்கிறார்கள் என்றாள். அவன் நம்பவில்லை. திரும்பவும் பார்க்கச் சொன்னான். அவள் திரும்பவும் பார்த்துவிட்டு அதையே சொன்னாள்.

வலையின் கதையை இங்கேயே முடித்துவிடலாம். படகு வந்து வெட்டியெடுத்தபோது குட்டியின் தலையும் முதுகெலும்பும்தான் மிச்சமிருந்தன. தாய் அன்று முழுவதும் அந்த இடத்தைவிட்டுப் போகவில்லை. கரையில் நின்று அதைப் பார்த்த சனம் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. இரத்தத்தைக் காட்டிச் சுறாவை உள்ளே கூப்பிட்டது வலைதான், வெளியே போகச் சொல்லிக் காப்பாற்றியது மேலேயிருந்த கண்தான் என்று ஊரே பேசியது. கத்தரினும் ஊன்றுகோலோடு வந்து அதையே சொன்னாளாம். பருவம் முடிய முன்னரே வலையை எடுத்துவிட்டார்கள். பத்திரிகை ட்ரோனைப் புகழ்ந்தது. பேரின்பநாதனின் பெயர் எங்கும் வரவில்லை. அவனும் தேடவில்லை.

அந்த மாலைக்கு வருவோம். மேசையைப் பிடித்துக்கொண்டு அவன் எழும்பி நின்றான். திரையில் மணல். மணலில் அந்தக் குவியல் மெதுவாகக் கலைந்துகொண்டிருந்தது. ஒருத்தி துவாயால் பிள்ளையின் தலையைத் துடைத்தாள். ஒருவன் குந்தியிருந்து அழுதான். வேறு இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஓடினவர்கள் எல்லோரும் இருந்தார்கள். கை, கால், தலை எல்லாம் அதனதன் இடத்தில். பேரின்பநாதன் மூக்கைச் சிந்திக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தான். ஓடினவர்களை உயிரோடு அவன் இப்போதுதான் பார்க்கிறான்.

துவாய்க்குள்ளிருந்து அந்தப் பிள்ளை தலையை நீட்டியது. அண்ணாந்து ட்ரோனைப் பார்த்தது. பிறகு கையை ஆட்டியது.

பேரின்பநாதன் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்ட எடுத்தான். ட்ரோனை மேலே உயர்த்தும்படி அல்பேட்டிடம் சொன்னான்.

ஏன், படம் தெளிவாகத்தானே தெரிகிறது என்று அல்பேட் கேட்டான்.

தெரிகிறது என்றான் பேரின்பநாதன். கீழே பிள்ளை நிற்கிறது, அதற்கு இரைச்சல் கேட்கும், கொஞ்சம் உயர்த்து என்றான்.

ட்ரோன் உயர்ந்தது. சனம் சிறுத்தது, மணல் அகன்றது. பிள்ளை ஒரு புள்ளியாகும்வரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் கை ஆடிக்கொண்டுதான் இருந்தது.